சிக்கானோ படிப்பும் ரூடி அகுன்யாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் நார்த்ரிட்ஜில் இருக்கும் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தில் கணக்கு படிக்கிறாள். ஆனால் முதல் செமஸ்டரில் அவள் வீட்டுக்குத் தூக்கி வந்த புத்தகங்களில் கனமானது கணக்குப் புத்தகம் இல்லை, ஒரு வரலாற்றுப் புத்தகம். சிக்கானோக்கள் எனப்படும் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களைப் பற்றி ரூடி அகுன்யா என்பவர் எழுதியது. அந்தப் பல்கலைக்கழகத்தில் சிக்கானோ படிப்புக்கென்று இருக்கும் துறையைக் கட்டியவரும் அவர்தான். சாப்பாட்டு மேசையில் கிடந்ததை எடுத்துப் புரட்டினேன். கடைசியில் அவளைவிட நான்தான் அதை ஒழுங்காகப் படித்தேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் சின்னவனுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இதைப் பற்றிப் பேசப்போக, வாராவாரம் யாராவது ஒருவர் அதே கேள்வியைக் கேட்கிறார். ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. சிக்கானோன்னா மெக்சிகோக்காரங்கதானே அக்கா? அதுக்கு எதுக்குத் தனிப் பேரு?

மெக்சிகோவில் பிறந்து அங்கேயே இருப்பவர் தன்னைச் சிக்கானோ என்று சொல்லமாட்டார். அமெரிக்காவில் வளர்ந்த மெக்சிகோ வம்சாவளியினரில், அந்தப் பெயரை விரும்பி வைத்துக்கொள்பவர்தான் சிக்கானோ, பெண்ணென்றால் சிக்கானா. எல்லோரும் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் தெருவிலேயே 'நான் மெக்சிகன் அமெரிக்கன், சிக்கானோ இல்லை' என்று அழுத்திச் சொல்லும் பெரியவர் ஒருவர் இருக்கிறார்.

அவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1960களுக்கு முன்னால் அது கௌரவமான சொல் இல்லை. கூலி வேலைக்கு வந்த, படிப்பில்லாத ஏழை மெக்சிகோக்காரரைக் குறிக்க, கொஞ்சம் வசதியான மெக்சிகோ வம்சாவளியினரே இளக்காரமாகப் பயன்படுத்தியது. அறுபதுகளில் இளைஞர்கள் அதே சொல்லை எடுத்துப் பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள். 'மெஷிகானோ' என்பதில் தலை உதிர்ந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

1970 பிப்ரவரியில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' பத்தியாளர் ரூபன் சலாசார் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு எழுதினார். தன்னை வெள்ளைக்காரர் கண்ணால் பார்த்துக்கொள்ளாத மெக்சிகன் அமெரிக்கரே சிக்கானோ என்பது அவர் சொன்னதன் சாரம். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, வியட்நாம் போரை எதிர்த்துச் சிக்கானோக்கள் நடத்திய பேரணி கலவரத்தில் முடிந்தது. செய்தி சேகரிக்கப் போன சலாசார் ஒரு மதுக்கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது, ஷெரிஃப் துறைக்காரர் ஒருவர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தார். எப்படிப்பட்ட காலம் என்பதற்காகச் சொல்கிறேன்.

2. எல்லாரும் நம்மள மாதிரி பொழைக்க வந்தவங்கதானே? 'ஆக்கிரமிக்கப்பட்ட அமெரிக்கா'ன்னு புத்தகத்துக்குப் பேர் வைக்கறது கொஞ்சம் ஓவர் இல்லையா?

என் மகள் கொண்டுவந்த புத்தகம் அதுதான். முதல் பதிப்பு 1972இல் வந்தது. எழுதியவர் ரொடால்ஃபோ அகுன்யா, ஊரார் வாயில் ரூடி.

தலைப்புக்கு வருவோம். இன்றைக்குக் கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ என்று நாம் சொல்லும் இடமெல்லாம் ஒரு காலத்தில் மெக்சிகோ. டெக்சஸை 1845இல் அமெரிக்கா தன்னுடன் இணைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு போர் மூண்டது. 1848 பிப்ரவரி 2 அன்று குவாதலூப்பே ஹிதால்கோ ஒப்பந்தம் கையெழுத்தானது. டெக்சஸையும் சேர்த்துப் பார்த்தால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதியை இழந்தது. கைக்கு வந்தது ஒன்றரைக் கோடி டாலர். அங்கே ஏற்கெனவே குடியிருந்த மெக்சிகோக்காரர்கள் இருந்த இடத்திலேயே அமெரிக்கர் ஆனார்கள். 'நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது' என்று ஊர்வலத்தில் அவர்கள் போடும் கோஷம் இதைத்தான் சொல்கிறது.

நிலப் பட்டாக்களை மதிப்போம் என்று ஒப்பந்தத்தின் 10ஆவது பிரிவு சொன்னது. அமெரிக்க செனட் அந்தப் பிரிவையே அடித்துவிட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தது. 1851இல் கலிஃபோர்னியாவுக்கு வந்த நிலச் சட்டம், பட்டா தன்னுடையது என்று நிரூபிக்கும் சுமையை நிலக்காரர் தலையிலேயே வைத்தது. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், வக்கீல் கூலியை நிலமாகவே கொடுக்க வேண்டிவரும். ஜெயித்தவனும் நிலத்தைத் தோற்றான். பிற்காலத்தில் வேலைக்காக வந்தவர்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம், அது உண்மை. ஆனால் கதை அவர்களோடு தொடங்கவில்லை என்பதுதான் தலைப்பின் வாதம். எனக்கு அது ஓவராகத் தெரியவில்லை.

3. இந்த அகுன்யா யாரு? வாத்தியாரா, போராட்டக்காரரா?

இரண்டும். 1932இல் லாஸ் ஏஞ்சலஸின் கிழக்கே இருக்கும் பாயில் ஹைட்ஸில் பிறந்தார். அம்மா மெக்சிகோவின் சோனோரா மாநிலத்திலிருந்தும் அப்பா ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்தும் வந்தவர்கள். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்தார். பிறகு படித்து, சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் வேலை பார்த்தார், பியர்ஸ் கல்லூரியில் பாடம் எடுத்தார். 1968இல் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வு, 19ஆம் நூற்றாண்டில் சோனோராவை ஆட்டிப்படைத்த இக்னாசியோ பெஸ்கெய்ரா என்ற ஆளைப் பற்றியது.

பட்டம் வாங்கிய கையோடு அவர் எழுதியவை ஆராய்ச்சி நூல்கள் அல்ல. 1969, 1970, 1971 என்று வருஷத்துக்கு ஒன்றாக, மெக்சிகன் அமெரிக்கர் வரலாற்றைச் சொல்லும் மூன்று பள்ளிப் பாடநூல்கள். 'ஆக்கிரமிக்கப்பட்ட அமெரிக்கா' அதற்கு அப்புறம்தான். பள்ளிக்கூட வாத்தியார் மனசு அவரை விட்டுக் கடைசி வரை போகவில்லை என்பது என் எண்ணம். ஐந்தாவது கேள்வியில் அதன் பலன் தெரியும்.

4. 1968ல காலேஜ்ல என்னதான் நடந்துச்சு? கட்டடத்தையே பிடிச்சாங்களாமே?

பிடித்தார்கள். ஆனால் அதற்குச் சில மாதம் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் நடத்தியதைச் சொல்லாமல் இது புரியாது. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் உயர்நிலைப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். லிங்கன் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ அவர்களுக்குத் துணை நின்றார். ஸ்பானிய மொழி பேசினால் அடி, கல்லூரிக்குப் போகும் பாடங்களுக்குப் பதிலாகத் தச்சுப் பட்டறை, இடையில் பூட்டிக்கிடக்கும் கழிப்பறை. அவர்கள் கேட்டதில் ஒன்று, எங்கள் வரலாற்றையும் எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்பது.

நார்த்ரிட்ஜ் கல்லூரிக்கு அப்போது சான் ஃபெர்னாண்டோ வேலி ஸ்டேட் காலேஜ் என்று பெயர். (இன்றைய பெயர் 1972இல் வந்தது.) மாணவர்களில் வெள்ளையர் அல்லாதவர் மிகச் சிலர். 1968 நவம்பர் 4 அன்று, கறுப்பின விளையாட்டு வீரர் ஒருவரைப் பயிற்சியாளர் உதைத்தார் என்ற புகாரில் தொடங்கி, கறுப்பின மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தின் மேல் மாடியைக் கைப்பற்றித் தற்காலிகத் தலைவரையும் மற்ற அதிகாரிகளையும் சில மணி நேரம் பிடித்து வைத்தார்கள். பிறகு ஆள்கடத்தல் வரைக்கும் குற்றச்சாட்டு பாய்ந்தது. அந்தக் காலத்து மாணவர் போராட்டங்களுக்கே அது கடுமையான வழக்கு. 1969 ஜனவரி 9 அன்று மட்டும் வளாகத்தில் 286 பேர் கைது.

அதற்கு அப்புறம்தான் நிர்வாகம் உட்கார்ந்து பேசியது. கறுப்பின மாணவர் சங்கமும், மெக்சிகன் அமெரிக்க மாணவர்கள் வைத்திருந்த உமாஸ் அமைப்பும் தங்கள் கோரிக்கைகளை மேசைமேல் வைத்தன. இரண்டு துறைகள் பிறந்தன. ஒன்று கறுப்பினத்தவர் வரலாற்றுக்கு, இன்னொன்று இந்தச் சிக்கானோ படிப்புக்கு. 'சிக்கானோத் துறையைச் சிக்கானோ மாணவர் வாங்கினார்கள்' என்று சொல்வது பாதி உண்மை. கறுப்பின மாணவர்கள் சிறைக்குப் போன வழியில்தான் அந்தக் கதவு திறந்தது. அகுன்யாவே இதை மறைத்ததில்லை.

5. மாணவர்கள் போராடி வாங்கினதுக்கு இவரை ஏன் 'நிறுவனர்'ங்கறாங்க?

நல்ல கேள்வி. முதல் தடவை கேட்டபோது எனக்கே சட்டென்று பதில் வரவில்லை.

போராட்டத்தில் கிடைத்தது ஒரு வாக்குறுதி. 1969இல் அகுன்யா வந்தபோது துறை என்று கையில் இருந்தது அந்த வாக்குறுதி மட்டும்தான். பாடம் இல்லை, பாடநூல் இல்லை, ஆசிரியர் இல்லை, அந்தப் படிப்பில் பட்டம் வாங்கிய ஆள் நாட்டிலேயே இல்லை. அவர் உட்கார்ந்து 45 பாடங்களுக்குத் திட்டம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, நோக்கம், வாரவாரம் என்ன நடத்துவது, எந்தப் புத்தகம், எப்படி மதிப்பெண் என்று தனித்தனித் தாள். ஒவ்வொரு தாளும் கமிட்டி கமிட்டியாக ஏறி இறங்க வேண்டும். அந்தக் கமிட்டிகளில் இருப்பவர்கள் வேறு துறைக்காரர்கள். 'இதைத்தான் நாங்களே எங்கள் வரலாற்றுத் துறையில் நடத்துகிறோமே' என்று அவர்களில் யாராவது சொன்னால் அந்தத் தாள் அங்கேயே செத்தது.

இங்கேதான் பள்ளி வாத்தியார் மூளை வேலை செய்தது. வெறும் வரலாறு, இலக்கியம் என்று இரண்டு மூன்று பாடம் வைத்தால் அந்த ஆர்வம் உள்ள சிலர் மட்டும்தான் வருவார்கள். அதனால் துறை பல்துறைப் படிப்பாக வளர்ந்தது. என் மகளின் பாடப் பட்டியலைப் பார்த்தால், இந்தத் துறையின் பெயரிலேயே முதலாண்டுக் கட்டுரைப் பயிற்சி இருக்கிறது, மேடைப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது, எல்லோரும் எடுத்தே ஆகவேண்டிய அமெரிக்க வரலாறும் அரசியல் சட்டமும் இருக்கின்றன. பொறியியல் மாணவனுக்கும் கட்டுரைப் பயிற்சி கட்டாயம். அவன் அதை ஆங்கிலத் துறையிலும் எடுக்கலாம், இங்கேயும் எடுக்கலாம்.

இதில் என்ன சூட்சுமம் என்றால், இந்தப் பல்கலைக்கழக அமைப்பில் எத்தனை மாணவர் எத்தனை பாடம் எடுக்கிறார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் துறைக்கு ஆசிரியர் பணியிடமும் பணமும் வரும். வகுப்பு நிறைந்தால் துறை வளரும், காலியாகக் கிடந்தால் எந்தப் போராட்டமும் காப்பாற்றாது. நாட்டில் இந்த வகைத் துறைகளிலேயே மிகப் பெரியதாக நார்த்ரிட்ஜ் வளர்ந்ததற்குக் கோஷத்தைவிட இந்தக் கணக்கே காரணம் என்பேன். போராட்டக்காரர் என்றதும் கையில் ஒலிபெருக்கியோடு நிற்கும் படம்தான் நமக்கு வரும். இவர் கையில் அதிக நேரம் இருந்தது படிவம்.

6. டிபார்ட்மென்ட்டோ புரோகிராமோ, பாடம் நடத்துனா சரி. பேருல என்ன இருக்கு?

பேரில் ஒன்றும் இல்லை, அதிகாரத்தில் எல்லாம் இருக்கிறது. துறை என்றால் தன் ஆசிரியரைத் தானே தேர்ந்தெடுக்கும், நிரந்தரப் பணிக்குத் தானே பரிந்துரைக்கும், தன் பணத்தைத் தானே செலவு செய்யும். புரோகிராம் என்றால் வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவரை, சமூகவியலிலிருந்து ஒருவரை இரவல் வாங்கி நடத்த வேண்டும். அவர்கள் சம்பளமும் பதவி உயர்வும் தாய்த் துறையின் கையில். அங்கே வேலை கூடினால் முதலில் விடுபடுவது இந்தப் பாடம். வாடகை வீட்டில் ஆணி அடிக்கிற கதை.

இதற்காக ஆட்கள் பட்டினியே கிடந்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், அதுதான் யுசிஎல்ஏவில், சிக்கானோ ஆய்வு மையம் 1969இலேயே வந்துவிட்டது. தனித் துறை மட்டும் வரவில்லை. 1993 ஏப்ரலில், விவசாயத் தொழிலாளர் தலைவர் சேசர் சாவேஸின் இறுதிச் சடங்குக்கு முந்தின நாள், துறை கிடையாது என்று நிர்வாகம் அறிவித்தது. நேரம் பார்த்துச் சொன்னார்கள் பாருங்கள். மாணவர்களும் ஒரு பேராசிரியரும் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 14 நாள். அதற்குப் பிறகும் கிடைத்தது சாவேஸ் பெயரில் ஒரு பயிற்று மையம்தான். துறை என்ற பெயர் 2005இல்தான் வந்தது. நார்த்ரிட்ஜ் 1969இல் வாங்கியதை அங்கே வாங்க இன்னும் 36 வருஷம் ஆனது.

7. அப்போ அமெரிக்காவுலேயே முதல் சிக்கானோத் துறை இதுதானா?

இல்லை. கால் ஸ்டேட் எல்ஏ, அதாவது நார்த்ரிட்ஜ் சேர்ந்திருக்கும் அதே கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம், 1968இல் தொடங்கிவிட்டது. கார்லோஸ் முன்யோஸ் அதன் முதல் தலைவர். அகுன்யாவைத் 'தந்தை' என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். அவர் பலரில் ஒருவர், அந்தப் பலரில் துறையைப் பெரிதாகக் கட்டி நிறுத்தியவர். அது போதும்.

8. 'சாண்டா பார்பரா திட்டம்'னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

1969 ஏப்ரலில் சாண்டா பார்பராவில் மாணவர், ஆசிரியர், ஊர்க்காரர் எல்லாம் கூடி எழுதிய திட்டம். நூற்றைம்பது பக்கத்துக்கு மேல். படிக்கப்போனால் பாதி அறைகூவல், பாதி அலுவலகக் குறிப்பு: மாணவரை எப்படிச் சேர்ப்பது, பாடத்திட்டம் எப்படி இருக்கவேண்டும், துறையை யார் கட்டுப்பாட்டில் வைப்பது. உமாஸ் போன்ற மாணவர் அமைப்புகள் எல்லாம் மெச்சா என்ற ஒரே பெயருக்குள் வந்ததும் அந்தக் கூட்டத்தில்தான்.

அதில் வலுவாக நிற்கும் எண்ணம் ஒன்று: பல்கலைக்கழகம் ஊருக்குக் கடன்பட்டது, படித்து முடித்தவன் ஊரை விட்டு ஓடிவிடக்கூடாது. இது எந்த அளவு நடந்தது என்பதில் அந்தத் தலைமுறைக்காரர்களுக்குள்ளேயே மனத்தாங்கல் உண்டு.

9. போராட்டக்காரர் எழுதின வரலாறுன்னா ஒருதலைப்பட்சமாத்தானே இருக்கும்? பிள்ளைங்களுக்கு அதைக் கொடுக்கலாமா?

ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதினார், அதை ஒளிக்கவும் இல்லை. 1998இல் அவர் எழுதிய ஒரு நூலின் தலைப்புக்கே 'சில சமயம் மறுபக்கம் என்று ஒன்று கிடையாது' என்று பொருள். இந்தத் தலைப்போடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் மகளோடு இதைப் பற்றிச் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஆனால் சாய்வு வேறு, பொய் வேறு. அவர் தன் கருத்தைத் திருத்திக்கொண்ட இடம் ஒன்றைச் சொல்கிறேன். 1972 பதிப்பு, சிக்கானோக்கள் அமெரிக்காவுக்குள்ளேயே அந்நியர் ஆட்சிக்கு உட்பட்டுக் கிடக்கும் ஒரு காலனி நாடு போன்றவர்கள் என்ற சட்டகத்தில் முழு வரலாற்றையும் அடைத்தது. துணைத்தலைப்பில் விடுதலைப் போராட்டம் என்ற சொல் இருந்தது. விமர்சனம் வந்தது. 1981இல் வந்த இரண்டாம் பதிப்பில், 19ஆம் நூற்றாண்டுக்கு அது பொருந்தும், 20ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தாது என்று சட்டகத்தை ஒதுக்கிவைத்தார். துணைத்தலைப்பும் 'சிக்கானோக்களின் வரலாறு' என்று அடங்கிப்போனது. தொடர்ந்து பதிப்புக்குப் பதிப்பு திருத்தியும் சேர்த்தும் எட்டாம் பதிப்பைத் தாண்டிவிட்டது. வெறும் துண்டுப்பிரசுரம் என்றால் யாரும் இத்தனை தடவை உட்கார்ந்து திருத்தமாட்டார்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்றால், என் வீட்டில் கொடுத்தேன். கூடவே வேறு ஆள் எழுதிய வரலாற்றையும் கொடுத்தேன்.

10. அந்தக் கால இயக்கத்துல பொம்பளைங்க எங்க? எல்லாம் ஆம்பளைப் பேராவே இருக்கே.

கண்ணில் பட்டதா? அவர்களுக்கும் பட்டது. மறியலில் நின்றவர்களில், சோறாக்கியவர்களில், தாள் தட்டச்சு செய்தவர்களில் பெண்கள் நிறைய. மேடையில் குறைவு, புத்தகத்தில் அதைவிடக் குறைவு. ஆரம்பப் பதிப்புகளில் அகுன்யாவின் புத்தகமும் இதற்கு விலக்கில்லை. சிக்கானா ஆய்வாளர்கள் இதை விடவில்லை. 1984இல் ஆஸ்டினில் நடந்த சிக்கானோ ஆய்வாளர் சங்க மாநாடு பெண்களின் குரல் என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டது, அதுவும் சண்டை போட்டு வாங்கியதுதான். பிற்காலப் பதிப்புகளில் பெண்கள் பெருமளவு வந்தார்கள். துறையின் பெயரிலேயே சிக்கானா என்பதும் சேர்ந்தது.

11. சாண்டா பார்பரா யுனிவர்சிட்டி மேல கேஸ் போட்டு ஜெயிச்சாராமே? இனப் பாகுபாடுன்னு தீர்ப்பு வந்துச்சா?

ஜெயித்தார், ஆனால் இனப் பாகுபாட்டுக்காக இல்லை. இதில்தான் எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் சாண்டா பார்பராவின் சிக்கானோத் துறையில் மூத்த பேராசிரியர் இடம் ஒன்று வந்தது. அந்தத் துறை அகுன்யாவைப் பரிந்துரைத்தது. மேலே இருந்த மதிப்பீட்டுக் குழுக்கள் தட்டிவிட்டன. அவர் ஆய்வாளரைவிடப் பிரச்சாரகர் என்கிற தொனியில் குறிப்பு எழுதியிருந்தார்கள். ஒன்பதாவது கேள்வியைக் கேட்டவர் அந்தக் குழுவிலும் இருந்திருப்பார் போல. அந்த வகைக் குழுக்களின் அறிக்கை ரகசியம். யார் எழுதினார்கள் என்றே விண்ணப்பித்தவருக்குத் தெரியாது. வழக்குப் போட்டதால்தான் வெளியே வந்தது. இனம், அரசியல் என்று அவர் வைத்த குற்றச்சாட்டுகள் வழியிலேயே விழுந்துவிட்டன. மிஞ்சி ஜூரி முன்னால் போனது வயது ஒன்றுதான், அவருக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. 1995 அக்டோபரில் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மூன்று லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு. வேலையைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட நீதிபதி மறுத்துவிட்டார், இரு தரப்புக்கும் அவ்வளவு பகை, சேர்ந்து வேலை செய்ய முடியாது என்று.

பணத்தை வைத்து, இதேபோல் கல்லூரிகளில் பாகுபாட்டை எதிர்த்து வழக்காடுபவர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை தொடங்கினார். நார்த்ரிட்ஜிலேயே வேலையைத் தொடர்ந்தார்.

12. அரிசோனாவுல இந்தப் புத்தகத்தையே தடை பண்ணிட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. உண்மையா?

கிட்டத்தட்ட. டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகன் அமெரிக்கன் ஸ்டடீஸ் என்று ஒரு பாடத்திட்டம் நடந்துவந்தது. 2010இல் அரிசோனா ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஓர் இனத்தின்மேல் வெறுப்பை வளர்க்கும் வகுப்பு, ஒரே இனத்தாருக்கென்று அமைந்த வகுப்பு, மாணவரைத் தனி மனிதராகப் பார்க்காமல் ஓர் இனமாக ஒன்றுசேரச் சொல்லும் வகுப்பு இதெல்லாம் கூடாது. மீறினால் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு, வரும் மாநில நிதியில் 10 சதவீதம் வரை நிறுத்தலாம். 2012 ஜனவரியில் பள்ளி மாவட்டம் திட்டத்தை மூடியது. ஏழு புத்தகங்களை வகுப்பறைகளிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டுக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்று 'ஆக்கிரமிக்கப்பட்ட அமெரிக்கா'. தடை இல்லை, வகுப்பில் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான் என்றது மாவட்டம். பெட்டியில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் புரிந்திருக்காது.

2017 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி வாலஸ் தஷிமா, சட்டத்தைக் கொண்டுவந்ததும் அமல்படுத்தியதும் இன வெறுப்பால் நடந்தது, அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். தஷிமா ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்தார்களே, சின்னப் பையனாக அப்படி ஒரு முகாமில் இருந்தவர். அந்த முகாம் இருந்தது அரிசோனாவில், போஸ்டன் என்ற இடத்தில்.

13. எங்க பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ். நம்ம இந்தியன். அவனை எதுக்கு சிக்கானோ பாடம் எடுக்கச் சொல்றாங்க?

சிக்கானோ பாடம்தான் எடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2020இல் வந்த மாநிலச் சட்டப்படி, கால் ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்க இனக்குழு ஆய்வில் 3 யூனிட், அதாவது ஒரு பாடம், எடுத்தாக வேண்டும். அதைப் பூர்வகுடி அமெரிக்கர், ஆப்பிரிக்க அமெரிக்கர், ஆசிய அமெரிக்கர், லத்தீன் வம்சாவளியினர் என்ற நான்கில் எதில் வேண்டுமானாலும் எடுக்கலாம். நார்த்ரிட்ஜில் சிக்கானோத் துறை பெரியது, அதனால் அங்கே அதிக வகுப்பு, அதிக நேரத் தேர்வு. பையன்கள் பெரும்பாலும் காலை எட்டு மணி வகுப்பைத் தவிர்க்கத்தான் அங்கே போய் விழுகிறார்கள். என் மகளும் அப்படித்தான் போனாள்.

இந்தப் பாடம் மெக்சிகோ வம்சாவளியினருக்கு மட்டும் என்று எப்போதும் இருந்ததில்லை. ஐந்தாவது பதிலில் சொன்ன கணக்கே எல்லோரும் வந்து உட்காரவேண்டும் என்றுதான் போட்ட கணக்கு.

14. இதையே மேஜரா எடுத்தா வேலை கிடைக்குமா?

நம்மவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள் என்று தெரியும். பள்ளி ஆசிரியர், சமூகப் பணி, சட்டப் படிப்பு, அரசு அலுவலகம் இப்படித்தான் பலர் போகிறார்கள். கலிஃபோர்னியாப் பள்ளிகளில் ஸ்பானிய மொழி தெரிந்த, பிள்ளைகளின் ஊரைத் தெரிந்த ஆசிரியருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. மென்பொருள் சம்பளம் வராது.

15. இப்பவும் அந்தத் துறைக்குள்ள சண்டைதானாமே? பேரு மாத்தறதுக்கே அடிச்சுக்கறாங்களாம்?

பேர்ச் சண்டை உண்டு. சிக்கானோ, சிக்கானா/ஓ, கடைசி எழுத்தை எக்ஸ் ஆக்குவது என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒன்று கொண்டுவருகிறது. முதல் கேள்வியில் வந்த எங்கள் தெருப் பெரியவர் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. 1980களில் எல் சால்வடோரிலும் குவாத்தமாலாவிலும் நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி லட்சக்கணக்கானவர்கள் வந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அவர்களுடைய ஊருமானது. அவர்கள் பிள்ளைகள் நார்த்ரிட்ஜுக்குப் படிக்க வந்தபோது சிக்கானோ வகுப்பில் உட்கார்ந்து, இதில் எங்கள் கதை எங்கே என்று கேட்டார்கள். 1968இல் சிக்கானோ பிள்ளைகள் கேட்ட அதே கேள்வி, இப்போது சிக்கானோத் துறையைப் பார்த்து. யுசிஎல்ஏ தன் துறைப் பெயரிலேயே மத்திய அமெரிக்காவைச் சேர்த்துக்கொண்டது. நார்த்ரிட்ஜில் 2000இல் மத்திய அமெரிக்க ஆய்வு என்று தனியாக ஒன்று தொடங்கினார்கள், நாட்டிலேயே அதுதான் முதல். முதலில் புரோகிராமாகத்தான் இருந்தது. ஆறாவது பதிலைப் படித்தவர்களுக்கு அடுத்து அவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று தெரியும். இப்போது அது துறை.